பழைய பேப்பரில் போன வண்டி

பேக்கிங் செக்ஷனில் அன்று இருந்தவர்கள்.

அண்ணாச்சி. கோவில்பட்டிப் பக்கத்து ஆள். பெட்டிக்குள் கார் விளக்கை வைப்பவர்.

அக்கா. பக்கத்து ஊர்க்காரர். பெட்டிக்கு டேப் ஒட்டுபவர்.

டிரைவர். மினி லாரி ஓட்டுபவர். லோடு ஏறும்வரை பெஞ்சில் மல்லாந்து கிடப்பார்.

சூப்பர்வைசர். டிப்ளமோ. நிற்கும்போதுகூட அவசரமாக நிற்பார்.

நான். எட்டாவது பெயில். பேப்பர் கசக்குபவன்.

இரண்டாயிரத்து மூன்று, ஆவணி மாதம். சூப்பர்வைசர் கையில் ஒரு கார் முன்விளக்கு இருந்தது. நாங்கள் பேக் செய்து அனுப்பியது. திரும்பி வந்திருந்தது. அதன் கண்ணாடியில் எழுத்து தெரிந்தது, இடம் வலம் மாறி. அண்ணாச்சி கழுத்தைச் சாய்த்துப் படித்தார்.

"மாமியார் கைது."

டிரைவர் எழுந்து உட்கார்ந்தார். "எந்த ஊரு மாமியாரு?"

"சிரிக்காதீங்க" என்றார் சூப்பர்வைசர். "பேப்பர் மை கண்ணாடியில ஒட்டிக்கிச்சு. பன்னெண்டு பீஸ் இப்படி. கார் கம்பெனி லைன்ல எல்லாரும் நின்னு படிச்சிருக்காங்க."

"மீதி பதினொண்ணுல இன்னா போட்டிருக்கு சார்?" என்றார் அக்கா.

சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. விஷயத்தைச் சொன்னார். தீபாவளிக்கு அப்புறம் பெட்டிக்குள் பேப்பரே இருக்கக் கூடாது என்று கார் கம்பெனி சொல்லிவிட்டது. அதுவரை விளக்குக்கு பாலிதீன் கவர் போட்டு, அதன் மேல் பேப்பர் அடைக்கலாம். வாலாஜாபாத்தில் தெர்மோகோல் அடிக்கிற பார்ட்டி ஒருவர் இருக்கிறார். தெர்மோகோலோடு பேக்கிங் வேலையையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறேன் என்று முதலாளியிடம் பேசிவிட்டார். அவர் வந்தால் ஆளும் அவர் ஆள்.

"நீங்களா எதாவது வழி சொன்னா நான் பேசிப் பாக்கறேன். இல்லன்னா செக்ஷன் க்ளோஸ்."

டிரைவர் மறுபடி படுத்துக்கொண்டார். யார் பேக் செய்தாலும் ஓட்டப்போவது அவர். அண்ணாச்சிக்குக் கைத்தொழில் நாலு தெரியும். எனக்கு இருபத்திரண்டு வயது, எந்த கேட்டிலும் உள்ளே விடுவார்கள். அக்காவுக்கு முப்பத்தெட்டு. அந்த ரோட்டில் இருந்த ஒவ்வொரு கேட்டிலும் ஒரே போர்டுதான். பெண்கள் தேவை, பதினெட்டு முதல் இருபத்தைந்து வரை.

எங்கள் ஷெட் நின்ற இடத்தில் பாதி அக்கா வீட்டுக் கடலைக்கொல்லை. நிலம் கொடுத்த வீட்டில் ஒருவருக்கு வேலை என்றார்கள். அந்த ஒருவர் அக்கா. அதுவும் கான்ட்ராக்ட்தான். அவர் வீட்டுக்காரர் நிலத்தை விற்று பைக் வாங்கினார். பைக்கை லாரிக்கு அடியில் விட்டார். பைக் போய்விட்டது, கால் பாதி போய்விட்டது, வாய் மட்டும் முழுசாக இருந்தது. வீட்டில் உட்கார்ந்து டி.வி.க்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

"தீவாளிக்கு ரெண்டு மாசம் கீது" என்றார் அக்கா. "அதுக்குள்ள எனக்கு வயசு கொறையுமா, பாப்போம்."

டேப்பைக் கிழித்து அடுத்த பெட்டிக்கு ஒட்டினார்.

பேப்பர் மூட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்ரீபெரும்புதூர் பழைய பேப்பர் கடையிலிருந்து வரும். யார் யார் வீட்டுப் பரணில் இருந்ததோ, எல்லாம் கலந்து வரும். மேலே போன மாதம் இருக்கும். அடியில் போன வருஷம் இருக்கும். பாதித் தாளில் தேதி கிழிந்திருக்கும். நான் கசக்கும் முன் அண்ணாச்சி ஒரு பார்வை பார்ப்பார். அவருக்குப் பேப்பர் வாங்குகிற பழக்கம் இல்லை. அதான் மூட்டையில் வருகிறதே. உலகத்தில் நடப்பதெல்லாம் அவருக்கு ஒரு மாதம் கழித்துத்தான் நடக்கும். அதனால் எதற்கும் பதற மாட்டார்.

அமெரிக்காக்காரன் செவ்வாய்க்கு ரெண்டு வண்டி விட்டிருக்கிறான் என்று அவர்தான் படித்துச் சொன்னார். ஆறு சக்கரம். ஆள் கிடையாது. அங்கே போய் இறங்கிக் கல்லை நோண்டும்.

"கல்லு நோண்ட அம்மாந்தூரமா?" என்றார் அக்கா. "எங்க ஊரு ஏரில வந்து நோண்டச் சொல்லு. ஏற்கெனவே நாலு லாரிக்காரன் நோண்டிக்கினுதான் கீறான்."

"செவ்வாய்னா சும்மா இல்லம்மா. கிரகம்."

"கிரகந்தான். எந்தங்கச்சிய ஆறு வருசம் வூட்ல ஒக்கார வெச்ச கிரகம். செவ்வா தோசம், செவ்வா தோசம்னு எத்தினி பேரு வந்து பஜ்ஜி துன்ட்டு எய்ந்து போனானுங்க. வண்டிய நேரா அது மேலயே ஏத்தச் சொல்லு."

மூட்டையில் செய்தி வரிசையாக வராது. ரெண்டாவது வண்டி கிளம்பிவிட்டது என்று முதலில் படித்தோம். அடுத்த மூட்டையில், அது கிளம்புவது தள்ளிப்போயிருக்கிறது என்று வந்தது.

"போனது எதையோ மறந்துட்டு திரும்பி வந்துச்சா?" என்றார் டிரைவர்.

அண்ணாச்சிக்குக் கோபம் வந்தது. பெட்டி அட்டை ஒன்றை எடுத்தார். ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு போட்டார். ஒரு முனையில் தாம்பரம். மறுமுனையில் காஞ்சிபுரம். தாம்பரம் பூமி. காஞ்சிபுரம் செவ்வாய். நடுவில் படப்பை, ஒரகடம், வாலாஜாபாத். வண்டி போய்ச் சேர ஏழு மாதம். வாரத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டு ஒரு புள்ளி வைத்தார்.

"இப்பம் படப்பை தாண்டிருச்சு."

"தாம்பரத்துலருந்து காஞ்சிவரத்துக்கு ஏழு மாசமா?" என்றார் டிரைவர். "லைசென்ஸ் கீதா அதுக்கு?"

அட்டையைச் சுவரில் தொங்கவிட்டோம். லைனிலிருந்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். வண்டி எங்கே என்று கேட்பார்கள். ஒரகடம் கூட்ரோடு இன்னும் வரலை, டீ குடிக்குது என்போம்.

அந்த ஆவணியில் செவ்வாய் கிட்டே வந்திருக்கிறது, வெறுங்கண்ணுக்கே தெரியும் என்று ஒரு தாளில் இருந்தது. அதிசயமாக அந்தத் தாள் மூன்று நாள் பழசுதான். ஷிப்ட் விட்டதும் கூட்ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றபடி கிழக்கே பார்த்தோம். சிவப்பாக ஒன்று தெரிந்தது. அண்ணாச்சி செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். ரெண்டு நாள் பார்த்தோம். மூன்றாம் நாள் கரண்ட் போனது. செவ்வாயும் அணைந்தது. செல்போன் டவர் லைட்டு. நிஜச் செவ்வாய் அதற்குக் கொஞ்சம் வலது பக்கம் இருந்தது. டவர் லைட்டு அதைவிடப் பெரிது.

சூப்பர்வைசர் கேட்ட வழியைப் புரட்டாசி வரை யாரும் சொல்லவில்லை. சூப்பர்வைசர் தினம் வந்து கேட்பார். அக்கா தினம் சொல்வார், "யோசிச்சிக்கினு கீறோம் சார்." எதையும் யோசிக்கவில்லை. வைக்கோல் என்று ஒரு தடவை நான் சொன்னேன். சூப்பர்வைசர் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

ஒரு நாள் மூட்டையில் இங்கிலீஷ் பேப்பர் வந்தது. அதை நாங்கள் படமாகப் பார்த்துவிட்டுக் கசக்குவோம். அண்ணாச்சி ஒரு தாளை விரித்துப் பிடித்தார்.

"ஏய், இங்கன பாருங்க. நம்ம வண்டி."

படத்தில் வண்டி இல்லை. பெரிய பெரிய வெள்ளைப் பை. ஊதின பை. திராட்சைக் கொத்து மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றது. பக்கத்தில் ஒரு ஆள் நின்றான், அவன் உயரம் பையில் பாதிக்குக்கூட வரவில்லை. லைனில் டிப்ளமோ படிக்கிற பையனைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னோம். வண்டியை நடுவில் வைத்து, சுற்றிலும் காற்றுப் பை ஊதி, அப்படியே மேலிருந்து போடுவார்களாம். பந்து மாதிரிக் குதித்துக் குதித்து நிற்குமாம். அப்புறம் காற்றை இறக்கி வண்டி வெளியே வருமாம்.

அக்கா டேப்பைக் கீழே வைத்தார். தாளை வாங்கினார். தலைகீழாகவும் பார்த்தார்.

"இவ்ளோ நாளா இத்த சொல்லலியே நீ" என்றார் அண்ணாச்சியிடம். "ராக்கெட்டு, கிரகம்னு இன்னான்னாவோ சொன்ன. கடைசில இது பேக்கிங்கு. மேலருந்து போட்டா ஒடையக் கூடாது. அவ்ளோதான் மேட்டரு. நம்ப வேலைய எவனோ செய்றான்."

அன்று மத்தியானம் சாப்பிட்டதும் ஆரம்பித்தோம். விளக்குக்குப் போடுகிற பாலிதீன் கவர் ஸ்டோரில் சாக்குச் சாக்காக இருந்தது. வாயால் ஊதி முடிச்சுப் போட்டோம். ரிஜெக்ட் ஆன விளக்கு நாலு எடுத்து, பெட்டியில் வைத்து, சுற்றிலும் பையைத் திணித்தோம்.

எங்கள் செக்ஷனில் எது புதுசாக வந்தாலும் போட்டுப் பார்ப்பது பழக்கம். பெட்டியை நெஞ்சுயரம் தூக்கிக் கீழே போட வேண்டும். ஒரு மூலை, மூன்று விளிம்பு, ஆறு பக்கம். மொத்தம் பத்துப் போடு. போடுகிறவன் நான். கை நீளம், அறிவு கம்மி என்று அக்கா சொல்வார்.

மூலையில் போட்டேன். உள்ளே புஸ் என்றது. முதல் விளிம்பில் போட்டேன். கண்ணாடிச் சத்தம். பிரித்தால் பை எல்லாம் சப்பையாகக் கிடந்தது. ரெண்டு விளக்கு போச்சு. உள்ளே எங்கள் மூன்று பேர் மூச்சும் கலந்து, அண்ணாச்சியின் வெங்காய வாசனை தூக்கலாக வந்தது.

"அமெரிக்காக்காரன் வெங்காயம் துன்ன மாட்டான்" என்றார் அக்கா.

முடிச்சில்தான் காற்று போனது. அக்கா மறுநாள் வரும்போது ஒரு மெழுகுவர்த்தியும் உடைந்த ஆக்ஸா பிளேடும் கொண்டுவந்தார். முறுக்குப் பாக்கெட் ஒட்டுகிற வேலை முன்னால் செய்திருக்கிறார். கவர் வாயை பிளேடு மேல் மடித்து, நெருப்பில் ஒரு இழுப்பு. வாய் உருகி ஒட்டிக்கொள்ளும். வேகமாக இழுத்தால் ஒட்டாது. மெதுவாக இழுத்தால் ஓட்டை. அக்கா இழுப்பது எண்ணெய் தடவின மாதிரி இருந்தது. பேக்கிங்கில் நெருப்பு வைக்க முடியாது, எல்லாம் அட்டை. சைக்கிள் ஸ்டாண்டில் உட்கார்ந்து ஒட்டினார். லைனிலிருந்து, தூசி ஊதுகிற ஏர் கன் ஹோஸை ஜன்னல் வழியாக இழுத்து நான் காற்று பிடித்தேன்.

பெட்டிக்கு ஒன்பது பை. பத்துப் போடும் போட்டேன். மூலை, விளிம்பு, பக்கம். ஒரு பை வெடித்தது. விளக்கு நாலும் முழுசு.

சூப்பர்வைசரைக் கூப்பிட்டோம். அவர் முன்னால் இன்னொரு பெட்டி. பத்துப் போடு. நாலும் முழுசு. அவர் பெட்டிக்குள் கையை விட்டு ஒரு பையை அமுக்கிப் பார்த்தார்.

"எங்கருந்து புடிச்சீங்க இத?"

"அமெரிக்கா சார்" என்றார் அக்கா. "செவ்வாக்கு வண்டி இப்பிடித்தான் போடறான். படம் கீது, காட்டவா?"

படத்தைக் காட்டினோம். சூப்பர்வைசர் முகம் மாறிவிட்டது. அமெரிக்கா என்றதும் நின்ற நிலையிலேயே அவருக்கு உயரம் கூடியது. முதலாளியிடம் அமெரிக்கன் டெக்னாலஜி என்றே சொல்லியிருக்கிறார். சைக்கிள் ஸ்டாண்டு, மெழுகுவர்த்தி எல்லாம் சொல்லவில்லை. ஒரு லோடு டிரையல் அனுப்பிப் பார்க்கலாம் என்று முதலாளி ஒத்துக்கொண்டார்.

எப்படி ஆனாலும் பேப்பர் மூட்டை நிற்கப் போகிறது. தெர்மோகோல் வந்தாலும் நிற்கும், பை வந்தாலும் நிற்கும். அண்ணாச்சிக்கு அது தெரியும். தெரிந்தே அவரும் உட்கார்ந்து பை பிடித்துக் கொடுத்தார். மிச்சம் இருந்த மூட்டையை மட்டும் மெதுவாகப் பிரிக்கச் சொன்னார், ருசித்துச் சாப்பிடுகிற மாதிரி. மார்கழியில் வண்டி நல்லபடியாக இறங்கியபோது அவர் காசு கொடுத்துப் பேப்பர் வாங்க வேண்டியிருந்தது. "அன்னன்னைக்குப் படிச்சா பொய் மாதிரி இருக்கு" என்றார்.

ஆனால் அதற்கு முன்னால் அந்த வண்டி எங்களிடம் ஒரு தடவை செத்தது.

டிரையலுக்கு நாலு நாள் இருந்தது. சூப்பர்வைசர் பெட்டி கணக்கு எழுதிக்கொண்டு பக்கத்தில் நின்றார். அண்ணாச்சி மூட்டையில் அடித் தாளை உருவினார். எப்போதும்போலச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார்.

"செவ்வாயில் இறங்கிய அமெரிக்க விண்கலம் மாயம். சிக்னல் இல்லை. நொறுங்கி..."

அங்கேயே நிறுத்தினார். நிறுத்தியும் பிரயோஜனம் இல்லை. சூப்பர்வைசர் தாளைப் பிடுங்கி மீதியை அவரே படித்தார். நொறுங்கியிருக்கலாம் என்று அஞ்சப்படுகிறது.

"நொறுங்கிருச்சா?"

நான் சுவரில் அட்டையைப் பார்த்தேன். புள்ளி இன்னும் வாலாஜாபாத் போகவில்லை.

"அதுக்குள்ள எப்பிடி போயி சேந்துச்சு?" என்றேன்.

"பைபாஸ்ல போயிருப்பான்" என்றார் டிரைவர் பெஞ்சிலிருந்து. "ஓவர் ஸ்பீடு. ஆளில்லாத வண்டி வேற. கேக்கணுமா?"

சூப்பர்வைசர் தாளை என் கையில் கொடுத்தார். "அமெரிக்காக்காரனுக்கே ஒடைஞ்சிடுச்சு. நாளைக்கு கார் கம்பெனிக்காரன் இதப் படிச்சான்னா என்ன ஆவறது? டிரையல் வேணாம். வாலாஜாபாத்காரன வரச் சொல்லிடறேன்."

"சார், நம்ப பொட்டி ஒடையலியே சார். நீங்கதான பாத்தீங்க" என்றார் அக்கா.

"பாத்தேம்மா. ஆனா ஒரு கான்பிடென்ஸ் வேணும்ல."

போய்விட்டார். அண்ணாச்சி அட்டையைக் கழற்றித் திருப்பி வைத்தார். அன்று அவர் சாப்பிடவில்லை. எழவு வீட்டில் உட்காருகிற மாதிரி மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார்.

"நான் வாய மூடிக்கிட்டு இருந்திருக்கணும்" என்றார்.

"நீ என்னிக்கு மூடிக்கினு இருந்த?" என்றார் அக்கா. அப்புறம் சாயங்காலம் வரை பேசாமல் டேப் ஒட்டினார். அக்கா பேசாமல் இருந்து நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

மறுநாள் மத்தியானம் சாப்பாடு. கீழே விரிக்க ஒரு தாள் வேண்டும். என் கையில் வந்தது அந்தச் செத்த செய்தித் தாள். அக்கா வாங்கி, செய்தியைத் தரைப்பக்கம் போட்டு விரித்தார். முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை போல. பின்பக்கம் சினிமா விளம்பரம். டிபன் பாக்ஸைத் திறந்து முதல் வாய் வைத்தார். மெல்லுவதை நிறுத்தினார்.

"டேய். இந்தப் படம் இப்பவாடா வந்துச்சு?"

பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை.

"இது எந்தங்கச்சி கல்யாணத்துக்கு மொத வாரம் பாத்த படம்டா. வெள்ளிக்கெயம ரிலீசு. அவளுக்கு அப்பத்தான் ஒருத்தன் தெகஞ்சான். கல்யாணம் ஆயிட்டா எங்க படம் பாக்கறதுன்னு ஏழு பேரு போனோம். அவ பொண்ணுக்கு இப்ப மூணு வயசு."

அண்ணாச்சி மூட்டை மேலிருந்து இறங்கினார். டிபன் பாக்ஸைத் தள்ளிவிட்டுத் தாளை எடுத்தார். குழம்பு சொட்டியது. திருப்பிப் படித்தார். இந்தத் தடவை கடைசி வரி வரை படித்தார்.

"மூன்று கால்களில் தரையிறங்க வேண்டிய அந்த விண்கலம்..." நிமிர்ந்தார். "தாயி, இதுக்கு காலு இருக்கு. மூணு காலு. பை கிடையாது. இது வேற வண்டி. நாலு வருசத்துக்கு முந்தி செத்தது."

"நாலு வருசத்துக்கு முன்னாடி செத்ததுக்கு நேத்து சாப்புடாம கெடந்தியா நீ?"

அக்கா கை கழுவவில்லை. தாளைத் தூக்கிக்கொண்டு லைனுக்குள் போனார். பின்னால் நாங்கள். சூப்பர்வைசர் மெஷின் பக்கத்தில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். அக்கா குழம்புத் தாளை அவர் பேடு மேல் விரித்தார்.

"சார், இது பழைய பொணம் சார். படத்த பாருங்க. இந்தப் படம் டி.வி.ல போன தீவாளிக்கே ரெண்டு தபா போட்டுட்டான்."

சூப்பர்வைசருக்குச் சினிமா தெரியும். விளம்பரத்தைப் பார்த்த உடனே புரிந்துவிட்டது. அவர் அந்தப் படத்தை காலேஜ் கட் அடித்துவிட்டுப் பார்த்தவர்.

"அது கால்ல எறங்கினது சார். அதான் ஒடஞ்சிச்சு. நம்புளுது பை" என்றார் அக்கா.

"வாலாஜாபாத்காரன்கிட்ட சொல்லிட்டேனேம்மா. திங்கக்கெழம அளவெடுக்க வரான்."

"சனிக்கெயம டிரையல் வுடுங்க. ஒடஞ்சா அவனே வந்து அளவெடுக்கட்டும். நானே டேப்ப புடிக்கிறேன்."

சூப்பர்வைசர் குழம்பைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"ஒரு லோடு. நாப்பது பெட்டி. நூத்தி அறுவது பீஸ். ரெண்டு வரைக்கும் ஒடைஞ்சா முதலாளிகிட்ட பேசிக்கலாம். மூணு ஒடைஞ்சா பேச்சே இல்ல. சரியா?"

"சரி சார்."

நாற்பது பெட்டிக்கு முந்நூற்று அறுபது பை. வெள்ளிக்கிழமை முழுக்க அக்கா சைக்கிள் ஸ்டாண்டில் உட்கார்ந்து இழுத்தார். விரல் நுனி சிவந்து பளபளத்தது. ஒட்டினதை நான் ஒவ்வொன்றாகக் கன்னத்தில் வைத்து அமுக்கிப் பார்த்தேன். காற்று கசிந்தால் கன்னத்துக்குத் தெரியும். கசிந்ததைத் தனியாகப் போட்டோம். அண்ணாச்சி விளக்கை வைத்தார். குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி வைத்தார். அக்கா திட்டினார். "தாலாட்டு பாடாத. வெச்சிட்டு கைய எடு."

சனிக்கிழமை காலை மழை. லோடு ஏற்றினோம். கூடப் போக வேண்டியவன் நான். அக்கா டிரைவரிடம் போனார்.

"யோவ், பாத்து ஓட்டு. ஒவ்வொரு பள்ளத்துக்கும் என் சோறு கீது."

"பொண்ணு அழச்சிக்கினு போற மாதிரி போறேன், போதுமா?"

முன்சீட்டில் டிரைவரின் மச்சான் ஏறிக்கொண்டான். ஸ்ரீபெரும்புதூரில் இறங்க வேண்டுமாம். நான் பின்னால் ஏறினேன். தார்ப்பாய் ஒழுகியது. நிற்க இடம் இல்லை. கடைசிப் பெட்டி மேல் உட்கார்ந்தேன்.

அப்போது அந்த ரோட்டில் பாதி ரோடு, பாதி குட்டை. கம்பெனி வாசலுக்கு வாசல் வேகத்தடை போட்டிருந்தார்கள், வெள்ளைக் கோடு இல்லாமல். டிரைவர் பொண்ணு அழைத்துப் போகிற மாதிரிதான் ஓட்டினார், மாப்பிள்ளை வீட்டில் சண்டை போட்டுவிட்டு. முதல் வேகத்தடையில் உள்ளே டப் என்றது. ஒரு பை. அப்புறம் டப், டப். நான் எண்ணினேன். பதினேழு வரை எண்ணினேன். அதற்கப்புறம் எண்ணப் பிடிக்கவில்லை.

கார் கம்பெனியில் இறக்கினோம். செக் பண்ணுகிற பையன் கையுறை போட்டிருந்தான். முதல் பெட்டியைப் பிரித்தான். உள்ளே பையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"என்னண்ணே இது, பர்த்டேவா?"

விளக்கை எடுத்தான். வெளிச்சத்தில் பிடித்தான். நாலும் முழுசு. மை இல்லை, எழுத்து இல்லை. மாமியாரைத் தேடிப் பார்த்திருப்பான். அடுத்த பெட்டி. பக்கத்திலிருந்தவர்கள் வந்து, எடுத்துப்போட்ட பையை மிதித்து வெடித்தார்கள். சந்தோஷமாக வெடித்தார்கள். ஒவ்வொரு சத்தத்துக்கும் நான் திரும்பிப் பார்த்தேன்.

பத்துப் பெட்டி. இருபது. முப்பது. சில பெட்டியில் நாலைந்து பை சப்பை. விளக்கு முழுசு.

முப்பத்தொன்றாவது பெட்டியின் மேல்பக்கம் குழிந்திருந்தது. அதைத் தள்ளி வைத்துவிட்டு மற்றதைப் பிரித்தான். கடைசியாக அதற்கு வந்தான். எனக்கு அந்தப் பெட்டியைத் தெரியும். நான் உட்கார்ந்து வந்தது. குழி என் அளவில் இருந்தது.

பிரித்தான். மேல் அடுக்கில் பை எல்லாம் சப்பை. எடுத்தான். வெளிச்சத்தில் பிடித்தான். சீட்டில் எழுதினான். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான்.

திரும்பும்போது முன்சீட்டில் உட்கார்ந்தேன். டிரைவர் என்ன ஆச்சு என்று கேட்டார். ரோட்டைப் பாருங்க என்றேன். பெட்டி மேல் உட்கார்ந்ததை அவரிடமும் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லவில்லை.

கம்பெனிக்கு வந்தபோது மழை விட்டிருந்தது. அக்கா கேட்டுக்கு வெளியிலேயே நின்றிருந்தார். வண்டி நிற்கும் முன்பே என் ஜன்னலைப் பிடித்துக்கொண்டார்.

"எத்தினிடா?"

சீட்டைக் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை. என் வாயையே பார்த்தார்.

"எத்தினின்னு சொல்லுடா."

"ஒண்ணு."